சிக்காகோவிலும் சாராயக்கடை இருக்கவில்லை

அதிகாலை ஸுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த நேரத்தில் அது கரகரத்தால் எங்கள் ஊரில் எல்லா வீடுகளிலும் கை வேலை அப்படியே நின்றுவிடும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாங்கு சொல்லும் மோதினார் முறைப்படி ஆரம்பித்தார். மர்ஹூம் ஆதம்லெப்பை அவர்களின் மனைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை றைஹானா உம்மா அவர்கள் காலமானார்கள் என்றார். பிறகு ஒரு சின்ன இடைவெளி. இந்தப் பெயரைச் சொன்னால் ஊருக்கு ஆளைத் தெரியாது என்று யாரோ பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிக்காகோ டீச்சர்" என்று சேர்த்துச் சொன்னார்.

சிறுநீரக வருத்தத்தோடு அவர் படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியும். முதல் நாள் பின்னேரம்கூடப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன். ஆனாலும் அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது சிரிப்புத்தான். எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சிக்காகோவின் பெயரை ஒலிக்க வைத்துவிட்டே போயிருக்கிறார்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர் அமெரிக்காவில் படித்தவர் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போனதைத் தவிர டீச்சர் கடல் கடந்ததில்லை. கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், பெண்கள் பாடசாலை ஒன்றில், அவர் வரலாறு படிப்பித்தார், நான் அடுத்த வகுப்பில் கணிதம் படிப்பித்தேன். இரண்டு வகுப்புக்கும் நடுவில் அரைச்சுவர்தான். அதனால் நானும் பல வருடங்கள் இலவசமாக வரலாறு படித்தேன்.

உயர்தர வகுப்புக்கு அவர் எடுக்கும் பாடங்களில் ஒன்றுக்கு மட்டும் என் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டுக் காது கொடுப்பார்கள். அது சிக்காகோ பாடம். போன நூற்றாண்டில் அமெரிக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் மது விலக்கு இருந்தது. காய்ச்சக்கூடாது, கொண்டுபோகக்கூடாது, விற்கக்கூடாது. சட்டம் அப்படிச் சொன்னது. சிக்காகோவில் கதவுக்குப் பின்னால் கதவு வைத்து விற்றார்கள். டொக்டர்மார் மருந்துச் சீட்டில் விஸ்கி எழுதிக் கொடுத்தார்கள். பொலிஸ்காரன், நகரசபைக்காரன், நீதிமன்றத்தில் இருந்தவன் வரைக்கும் கள்ளச் சாராயக் கூட்டம் கையில் வைத்திருந்தது. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு டீச்சர் கரும்பலகையில் ஒரு தெருவைக் கீறுவார். பட்டப்பகலில் இந்தத் தெருவில் ஒருவனைச் சுட்டுவிட்டார்கள் என்பார்.

"சுட்டவனை விடுங்க. தெருவுல ஆர் ஆர் நிண்டிருப்பாங்க?"

பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். முடி வெட்டுகிறவன். பேப்பர் விற்கிறவன். பூக்கடைக்காரி. மாடியில் துணி காயப்போடுகிற பொம்பிளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆளைக் கொடுத்து, "இப்ப நான் பொலிஸ். வந்து கேக்கன். நீ என்ன கண்டாய்?" என்பார். முதல் பிள்ளை யோசித்துவிட்டு, "நான் காணல்ல" என்று சொல்லும். அடுத்ததும் காணவில்லை. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை வரைக்கும் ஒருவரும் காணவில்லை. வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து டீச்சர் கேட்பார்.

"சரி. இனி அவனுக்குத் துப்பாக்கி தேவையா?"

எத்தனை முறை அரைச்சுவருக்கு இப்பால் கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு என் பாடம்தான் நினைவுக்கு வரும். எவ்வளவு பெரிய எண்ணையும் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம். ஊர் முழுக்கப் பார்த்த குற்றத்தையும் "காணல்ல" என்ற ஒரு சொல்லால் பெருக்கிவிடலாம்.

இரண்டு தகப்பன்மார் அதிபரிடம் முறையிட்டார்கள். அதிபர் நல்லவர், பயந்தவர். ஆசிரியர் ஓய்வறைக்கே வந்து மெதுவாகக் கேட்டார். "டீச்சர், பொம்புளப் புள்ளைகளுக்கு இவ்வளவு சாராயக் கதை தேவையா?"

"நான் சாராயம் படிப்பிக்கல்ல சேர். ஒரு ஊர் எப்படிக் கெட்டுப்போகும் எண்டு படிப்பிக்கன்."

"அது அமெரிக்காவுல நடந்தது."

"ஓம் சேர். கெட்டுப்போறதுக்கு விசா தேவையில்ல."

அன்றைக்கு ஓய்வறையில் தொடங்கிய சிரிப்பில்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். டீச்சர் அதைக் கழற்றி எறியவில்லை. மருமகன் புது வீட்டு மதிலுக்குப் பெயர்ப்பலகை அடிக்கப் போனபோது, "சிக்காகோ எண்டு போடு மகன், தபால்காரன் தேடமாட்டான்" என்றாராம்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மாதர் கூட்டம் ஒன்று நடந்தது. வெளியூரிலிருந்து பேச வந்த ஒருவர் எங்கள் ஊரைப் பாராட்டினார். இந்த ஊரில் ஒரு சாராயக்கடைகூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எங்களுக்கு அது உண்மையான பெருமை. டீச்சர் கையை உயர்த்தினார். பேச்சாளர் கேள்வி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்.

"சிக்காகோவிலும் சாராயக்கடை இருக்கல்ல" என்றார் டீச்சர். "ஹறாம் ஹறாம்தான். அதுல எனக்குக் கதையில்ல. கடை இல்லாத ஊருல விடிஞ்சா மதிலோரம் வெறும் போத்தல் கிடக்கே, அது எங்கால வருது? அதைக் கேட்டா ஊர் மரியாதை போயிரும் எண்டு ஆரும் கேக்கல்ல. கடை இல்லாதது பெருமை. கேக்காம இருக்கிறது பெருமை இல்ல."

எங்கிருந்து வருகிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மீன் லொறிகள் வைத்திருந்த முதலாளி ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்தது, ஊருக்கு வெளியே தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மீன் பெட்டிகள் போகும் லொறியில் திரும்பி வரும்போது போத்தல்கள் வந்தன. வயல்வெளிப் பக்கம் கசிப்பு என்ற கள்ளச் சாராயமும் காய்ச்சினார்கள். கடை இல்லாத ஊர் என்பதால் ஒன்றுக்கு இரண்டு மடங்கு விலை. ஊரின் பெருமைதான் அவருடைய முதல்.

அதே முதலாளி நோன்புக் காலத்தில் பள்ளிவாசலுக்குக் கஞ்சி கொடுத்தார். எங்கள் ஊரில் நோன்புக் கஞ்சி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டார் பொறுப்பு. பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு வீடு வீடாகப் பள்ளிவாசலுக்குப் பாத்திரம் அனுப்பி வாங்குவோம். கொடுத்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி துஆ கேட்பார்கள். முதலாளியின் நாளில் கஞ்சியில் இறைச்சி தாராளமாகக் கிடக்கும். அன்றைக்கு டீச்சர் வீட்டுப் பாத்திரம் மட்டும் போகாது. தானே வீட்டில் கஞ்சி காய்ச்சி, வேண்டியவர்களுக்கு ஒரு கோப்பை அனுப்புவார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் தாய்வழிக் குடிக்குப் பொறுப்பான மரைக்காயர் இதைக் கவனித்துவிட்டு வாசலில் வைத்து அவரிடமே கேட்டார்.

"என்ன டீச்சர், பள்ளிக் கஞ்சி உங்களுக்கு ஒத்துவரல்லயா?"

"சிக்காகோவிலும் ஒருத்தன் வேலையில்லாத ஆக்களுக்கு சூப் ஊத்தினான் மரைக்கார். வரிசையில நிண்டவனை நான் குறை சொல்லமாட்டன். அவனுக்குப் பசி. ஊத்தினவன்ட பேரைச் சொல்லிக் கைதட்டின ஆக்களைத்தான் எனக்கு விளங்கல்ல."

"நாங்க கைதட்டல்லயே. துஆதான் கேட்டம்."

"அதுதான் எனக்கு இன்னும் பயமாக் கிடக்கு" என்றார் டீச்சர்.

மரைக்காயர் கோபிக்கவில்லை. அவரும் எங்களைப் போலத்தான். தெரியும், ஆனால் காணவில்லை.

இதற்குப் பிறகு டீச்சரின் கணவர் ஆதம்லெப்பை மச்சான் மாரடைப்பில் காலமானார். டீச்சர் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கும் காலம் அது. எங்கள் பக்கத்தில் இதை மிகவும் பேணுவார்கள். தெருப்பக்க யன்னல்களுக்குத் திரை போட்டுவிடுவார்கள். அந்நிய ஆண்கள் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். வாசல் முன்னால் கிடக்கும் குறுகிய ஒழுங்கையால் போகும் ஆண்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு விரைவாகப் போய்விடுவார்கள். இத்தா வீட்டு ஒழுங்கை ஊரிலேயே அமைதியான ஒழுங்கை.

முதலாளியின் ஆட்கள் அந்த அமைதியைத் தேர்ந்தெடுத்தார்கள். றிஸ்வி என்றொரு ஓட்டோக்காரன், அடுத்த ஒழுங்கையில் குடியிருந்தவன். கசிப்பு மூட்டைகளை ஏற்றிக் கொண்டுபோகச் சொல்லி அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் மறுத்தது மட்டுமல்ல, ஓட்டோத் தரிப்பிடத்தில் மற்றவர்களுக்கும் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். லுஹருக்குப் பிறகு, வெயில் கொளுத்தும் நேரம், ஓட்டம் இருக்கிறது என்று சொல்லி டீச்சர் வீட்டு ஒழுங்கைக்குள் அவனைக் கூட்டிவந்து இறக்கி அடித்தார்கள். இத்தாவில் இருக்கும் பெண் திரையை விலக்கித் தெருவைப் பார்க்க மாட்டாள் என்பது அவர்களுடைய கணக்கு. எங்கள் ஊரில் பிறந்தவன் மட்டுமே போடக்கூடிய கணக்கு. எந்தப் பெண் என்பதைத்தான் அவர்கள் யோசிக்கவில்லை.

டீச்சர் திரையை முழுக்கத் தள்ளிவிட்டு யன்னலைத் திறந்தார். அப்போது ஒருவன் றிஸ்வியின் ஓட்டோவுக்குள் ஒரு சாக்கை வைத்துக்கொண்டிருந்தான். வகுப்பறையில் பேசும் அதே குரலில் டீச்சர் சொன்னார். "மகன், நான் உன்னைப் பாத்துட்டன்."

அவர்கள் ஓடினார்கள். ஆனால் பொலிஸ் வாகனம் உடனேயே வந்துவிட்டது, பக்கத்துத் தெருவில் காத்துக்கொண்டிருந்தது போல. சாக்கில் கசிப்பு இருந்தது. இரத்தம் வடிந்த றிஸ்வியையே ஏற்றிக்கொண்டு போனார்கள். கசிப்புக் கடத்தினான், பிடிக்கப் போன பொலிஸாரைத் தாக்கினான், அந்தக் கைகலப்பில் காயப்பட்டான் என்று வழக்கு எழுதினார்கள். விளக்கமறியலில் வைத்தார்கள். பிணை நிற்க ஊரில் ஓர் ஆள் வரவில்லை. இடது கண்ணின் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று சிறையில் பார்த்துவிட்டு வந்து அவன் மனைவி பௌசியா சொன்னாள்.

உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் இத்தாவில் இருந்தார்.

வாக்குமூலம் எடுக்க வரும்படி டீச்சர் பொலிஸுக்குச் சொல்லியனுப்பினார். இத்தாவில் இருக்கும் பெண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாது, அது உங்கள் மார்க்கத்துக்கு மரியாதை இல்லை என்று சார்ஜன்ட் பதில் அனுப்பினார். எங்கள் மார்க்கத்தை அவ்வளவு மதித்த பொலிஸ்காரரை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

பிறகு மரைக்காயர் வந்தார். வாசலை மிதிக்க முடியாது, ஆகவே மதிலுக்கு வெளியே நின்றார். டீச்சர் உள்ளே கதவுக்குப் பின்னால். அந்நிய ஆணோடு நேரடியாகக் கதைக்கக்கூடாது என்பதால் நடுவில் நான். இரண்டு பேருக்கும் மற்றவரின் குரல் நன்றாகக் கேட்கும். ஆனாலும் முறை முறைதான்.

"ஸபீனா தங்கச்சி, டீச்சரிட்டச் சொல்லுங்க. இத்தாவுல கோட்டுக்கு ஏறுறது ஊருக்கு அழகில்ல. இத்தா முடியட்டும், பாப்பம்."

"டீச்சர், மரைக்கார் காக்கா சொல்றார், இத்தா முடியட்டுமாம்."

"கேட்டிச்சி. அதுவரைக்கும் றிஸ்விட கண்ணையும் பொறுத்திருக்கச் சொல்லட்டா எண்டு கேளுங்க."

நான் திருப்பிச் சொல்வதற்குள் மரைக்காயர், "கேட்டிச்சி தங்கச்சி" என்றார். பிறகு, "முதலாளியும் ஒண்டும் சும்மா இருக்கமாட்டார் எண்டு சொல்லுங்க."

"முதலாளிய வந்து என்னோட கதைக்கச் சொல்லுங்க" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல். "ஆனா வாசலுக்குள்ள வர ஏலாதே. அவர்ட ஆக்களும் வர ஏலா. பொலிஸும் வராதாம். மரைக்காருக்கும் மதில்தான். என்னைப் பூட்டி வெச்சிருக்கு எண்டு நினைக்காங்க ஸபீனா. பூட்டினது அவங்களுக்கு."

அதுதான் நடந்தது. வெளியே இருந்திருந்தால் டீச்சரைச் சந்தியில் மறித்திருப்பார்கள், வீட்டுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பியிருப்பார்கள். இத்தா வீட்டுக்கு ஒருவரும் வரமுடியவில்லை. பெண்கள் மட்டும் வந்தார்கள். இத்தாவில் இருப்பவளோடு போய் இருந்துவிட்டு வருவது நன்மை என்பதால் எந்தக் கணவனும் மறிக்கவும் முடியவில்லை. முதலில் பௌசியா வந்தாள். பிறகு கசிப்புக் குடித்துக் கணவன் படுத்துவிட்ட ஒருத்தி. மகன் முதலாளியிடம் லொறியில் வேலை செய்து, விட்டு வர முடியாமல் தவிக்கும் ஒருத்தி. லொறி எந்த இடத்தில் நிற்கிறது, எந்த வீட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தேநீர்க்கடையில் ஆண்கள் காணாததை மதிலுக்கு மேலால் பெண்கள் கண்டிருந்தார்கள். டீச்சர் பாயில் இருந்து ஒவ்வொருத்தியிடமும் கேட்டது பழைய கேள்விதான். நீ என்ன கண்டாய்?

எங்கள் ஊர் லோயர்மார் இந்த வழக்கை எடுக்கவில்லை. கல்முனையிலிருந்து ஒரு தமிழ்க் கிறிஸ்தவ லோயர் எடுத்தார். அவரும் உள்ளே வரமுடியாது. ஆகவே மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் காரில் இருந்தார். வழக்கு நாள் இத்தாவுக்குள் விழுந்தது. வேறு தவணை கேட்கலாமா என்று மனைவி மூலம் கேட்டனுப்பினார்.

"தவணை கேட்டா போறது என்ட நாள் இல்ல, றிஸ்விட நாள்" என்றார் டீச்சர். "உள்ளுக்குக் கிடக்கிறது அவன்."

மார்க்கத்தில் இடம் இருக்கிறதா என்று அறிந்து வரும்படி என்னை மௌலவியிடம் அனுப்பினார். டீச்சர் எதையும் தன் விருப்பப்படி மீறுகிறவர் அல்லர், அதை அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். மௌலவி தயங்காமல் பதில் சொன்னார். தேவைக்குப் பகலில் போய் இருட்டுமுன் வீடு திரும்பலாம், கண்டதை மறைப்பதுதான் பாவம் என்றார். நான் படியிறங்கும்போது பின்னால் வந்து, "நான் சொன்ன எண்டு வெளியில சொல்லாதீங்க" என்றார்.

அதை அப்படியே டீச்சரிடம் சொன்னேன். "அப்ப மௌலவியும் காணல்ல" என்றார். பிறகு, "பதிலைச் சரியாச் சொன்னாரே, அது போதும்" என்றார்.

வழக்கு நாள் காலை, வெள்ளைச் சேலையும் வெள்ளை முக்காடும் போட்டு டீச்சர் வாசலைத் தாண்டினார். நடுவில் அவர், சுற்றிவர நாங்கள். பௌசியாவோடு சேர்ந்து வந்த பெண்களை நான் எண்ணவில்லை, ஒழுங்கை நிறைந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன். தரிப்பிடத்தில் ஓட்டோக்கள் வரிசையாக நின்றன. எல்லோரும் றிஸ்வியின் கூட்டாளிமார். ஒருவரும் எங்களை ஏறச் சொல்லிக் கேட்கவில்லை. ஒருவன் கண்ணாடியைத் துடைத்தான். ஒருவன் குனிந்து டயரைப் பார்த்தான். டீச்சர் நின்றார்.

"ஏன் கீழ பாக்கிறயள்?" என்றார். "பாருங்க. நல்லாப் பாருங்க. நாளைக்கு ஆரும் கேட்டா, சிக்காகோ டீச்சர் இத்தாவுல வீதிக்கு வந்த, நாங்க கண்ட எண்டு சொல்லுங்க. ஒருக்காவாவது கண்டதாச் சொல்லிப் பழகுங்க."

பிரதான வீதிக்கு நடந்து போய் பஸ்ஸில் ஏறினோம்.

நீதிமன்றத்தில் டீச்சர் கண்டதைக் கண்டபடி சொன்னார். அடித்தவர்கள் யார், சாக்கை வைத்தது யார், பொலிஸார் வரும்போது றிஸ்வி எந்த நிலையில் கிடந்தான். குறுக்கு விசாரணை செய்தவர் சாக்கைத் தொடவே இல்லை.

"அம்மா, இத்தாவில் இருக்கும் பெண் திரையை விலக்கித் தெருவைப் பார்க்கலாமா?"

"யன்னலை மூடத்தான் போனன் சேர்."

அது பொய் என்று நான் நினைத்தேன். டீச்சர் ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

"இல்ல. நான் சத்தியம் செஞ்சிட்டு நிக்கன். மூடப் போகல்ல. அடிக்கிற சத்தம் கேட்டுத் திறக்கத்தான் போனன்."

"அப்படியென்றால் உங்கள் வழக்கத்தை நீங்களே மீறியிருக்கிறீர்கள்."

"என்ட இத்தாவ அல்லாஹ் கணக்கெடுப்பான் சேர். நீங்க அந்தச் சாக்கைப் பத்திக் கேளுங்க."

நீதவான் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது.

இருட்டி மஃரிப் ஆகுமுன் டீச்சர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மீதி நாட்களில் ஒன்றையும் குறைக்காமல் இத்தாவை முடித்தார். றிஸ்வி விடுதலையானான். இடது கண் திரும்பி வரவில்லை. சார்ஜன்ட் இடமாற்றம் பெற்றுப் போனார். அது தண்டனையா வெகுமதியா என்று எங்களுக்குத் தெரியாது. முதலாளிக்கு ஒன்றும் நடக்கவில்லை, லொறிகள் ஓடுகின்றன. இதையும் எழுதத்தான் வேண்டும். இல்லாவிட்டால் டீச்சர் கோபிப்பார்.

"எல்லாம் வீணாப் போச்சே டீச்சர்" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"சிக்காகோவில சட்டத்தையே மாத்தினாங்க ஸபீனா. கள்ளன் வேற யாவாரத்துக்குப் போனான். யாவாரம் மாறினா என்ன, மாறாட்டி என்ன? பாத்துக்கிட்டு நிக்கிற ஆள் மாறணும். பௌசியா மாறிட்டாள். வீணாப் போன எண்டு எப்படிச் சொல்வீங்க?"

அடுத்த நோன்பில் முதலாளியின் கஞ்சி வந்தது. பெயர் மட்டும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படவில்லை. மரைக்காயர் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சியை வாங்கிவிட்டுப் பெயரை மட்டும் விழுங்கினால் அது என்ன நேர்மை என்று நான் டீச்சரிடம் கேட்டேன்.

"நீங்க கணக்கு டீச்சர்தானே. விடை பிழைச்சாலும் செய்கை வழிக்குக் கொஞ்சம் மார்க்ஸ் குடுக்கிறல்லயா?" என்றார்.

போன மாதம் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மையவாடிக்குப் போனார்கள். றிஸ்வி முன் வரிசையில் தோள் கொடுத்தான், மரைக்காயர் பின்னால். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு லொறி ஒழுங்கைக்குள் வந்து நின்றது. சாவு நடந்த மையித்து வீட்டில் அடுப்பு எரிக்காமல் அயலவர்கள் சோறு அனுப்புவது எங்கள் வழக்கம். லொறி நிறையச் சோறு போட்ட பெரிய சஹன் தட்டுகள், மேலே ஈரத்துணி போட்டு மூடியிருந்தார்கள். நெய் மணம் வாசலுக்கு வந்தது. அனுப்பியவர் யார் என்று லொறியைப் பார்த்ததும் தெரிந்தது.

சிக்காகோவில் கள்ளச் சாராயக் கூட்டத்தார் தாங்களே கொன்றவனின் மையித்துக்கும் வண்டி வண்டியாகப் பூ அனுப்பினார்கள் என்று டீச்சர் படிப்பித்திருக்கிறார். எனக்கு அந்த அரைச்சுவர் கண்முன் வந்தது.

வீட்டில் தூரத்திலிருந்து வந்தவர்கள் பலர் இருந்தார்கள், பிள்ளைகள் பசித்திருந்தார்கள். டீச்சரின் மகள் அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து வந்து என்னைப் பார்த்தாள். முடிவு அவளுடையது. அது அவளுடைய வீடு.

"எங்கட உம்மா பள்ளியில இவர்ட கஞ்சிக்குப் பாத்திரம் அனுப்பல்ல" என்றாள். "திருப்பிக் கொண்டு போகச் சொல்லுங்க."

பௌசியா வாசலுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் அன்றைக்குப் பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லோரும் போனார்கள். நானும் போனேன்.

லொறிக்காரன் சங்கடப்பட்டான். கெட்டவன் இல்லை, சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். "ராத்தா, சோறுதானே. மையித்து ஊட்டுக்கு வந்தத திருப்புறது நல்லமில்ல. கொண்டுபோனா முதலாளி கேப்பார், ஆர் திருப்பின எண்டு. ஆர் எண்டு சொல்ல?"

பௌசியா தன் பெயரைச் சொன்னாள். பக்கத்தில் நின்றவள் தன் பெயரைச் சொன்னாள். அடுத்தவள் தன் கணவன் பெயரையும் சேர்த்தே சொன்னாள். என் முறை வந்தபோது நான், "ஸபீனா டீச்சர் எண்டு சொல்லுங்க தம்பி. எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நிண்ட எண்டும் சொல்லுங்க" என்றேன்.

லொறி பின்பக்கமாகவே ஒழுங்கையை விட்டுப் போனது. நாங்கள் அடுப்பை மூட்டினோம். மையித்து வீட்டில் அன்றைக்கு அடுப்பெரிந்தது என்று ஊரில் கதைத்தார்கள். கதைக்கட்டும்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. அவர் மேசையில் எப்போதும் கிடந்த சுண்ணக்கட்டித் துண்டை எடுத்துக்கொள்ளும்படி மகள் சொன்னாள், வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து தெருப்பக்க யன்னலின் திரையைக் கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். அது இப்போதும் உள்ளேதான் இருக்கிறது. பின்னேரங்களில் அந்த யன்னலடியில் இருந்துதான் வேலை செய்கிறேன். லொறிகள் போகின்றன, ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் அவர்களைப் பார்க்கிறேன். யாராவது வந்து என்ன கண்டாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது.